தூங்குமூஞ்சி மரம்

தாலுகா ஆபீஸ் வாசலிலும் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும், காத்துக் கிடப்பவர்களுக்கு நிழல் தருவதற்கென்றே பிறந்ததுபோல் குடை விரித்து நிற்கும் ஒரு மரம் உண்டு. தூங்குமூஞ்சி மரம் என்று நம் ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்திலிருந்து வந்த மரம் அது. வந்த இடத்தில் நன்றாக வேரூன்றி, நம்மூர் மரங்களையெல்லாம்விட அதிகாரமாகச் சாலையை வளைத்துக்கொண்டு விட்டது. மாலை வெளிச்சம் மங்கினால் இலைகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து மடித்துத் தொங்கப் போட்டுவிடும். மேகம் கவிந்து இருட்டினாலும் அதே கதைதான். ஒருவரும் அதைத் தொட வேண்டியதில்லை.

தொட்டாச்சிணுங்கி அப்படியல்ல. வரப்போரத்தில் தன்பாட்டுக்கு இருக்கும். ஒரு குழந்தை விரலை நீட்டினால் மூடிக்கொள்ளும். இரண்டிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். இலையின் அடியில் சிறு முண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு புறத்து அறைகளிலிருந்து நீர் வெளியேறித் தளர்ந்தால் இலை மடியும்; நீர் திரும்பி வந்து விறைத்தால் விரியும். ஒன்றை மூட வைப்பது நம் விரல். மற்றொன்றை மூட வைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு கடிகாரம். இந்த வித்தியாசத்தை நான் தாவர சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையிலும் இப்போது மரங்கள் இருக்கின்றன. அவற்றிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. அவற்றில் ஒன்று என் குடும்பத்தில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் செய்துவிட்டது.

திரையில் மரமா என்று கேட்காதீர்கள். நீங்கள் தினம் பார்ப்பதுதான். ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன முக்கோணம் அல்லது கூட்டல் குறி. அதைத் தொட்டால் அந்த வரிக்கு அடியில், கொஞ்சம் உள்ளே தள்ளி, அதன் பிள்ளை வரிகள் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கும் முக்கோணம் உண்டு. தொட்டால் பேரன் பேத்திகள் வருவார்கள். மறுபடி தொட்டால் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். முக்கோணம் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் நம்மவர்கள் ‘கணு’ என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் வைத்த பெயர்களில் எனக்குப் பிடித்தவை குறைவு. இது பிடித்திருக்கிறது. கரும்பைக் கடித்தவனுக்குக் கணு இன்னதென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வித்தை புதிதுமல்ல. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் நடந்த கம்ப்யூட்டர் மகாநாடு ஒன்றில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவர் ஒன்றரை மணி நேரம் ஒரு செப்பிடு வித்தை காட்டினார். இன்று எல்லார் மேஜையிலும் உருண்டுகொண்டிருக்கிற ‘மௌஸ்’ முதன்முதலாகச் சபைக்கு வந்தது அன்றைக்குத்தான். அந்த மேடையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? வீட்டில் அம்மா கடைக்குப் போகும்போது எழுதிக் கொடுப்பாளே, அந்த மாதிரிச் சாமான் பட்டியல்! அதை வகை வகையாகப் பிரித்து, தலைப்பு மட்டும் தெரியும்படி மடக்கியும், மறுபடி விரித்தும் காட்டினார். பிறகு 1995-ல் ‘விண்டோஸ் 95’ வந்தபோது, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்ட மரம் ஆபீஸ் குமாஸ்தா வரைக்கும் வந்து சேர்ந்தது. இணையப் பக்கம் எழுதுகிறவர்கள் வெகுகாலம் இதைத் தாங்களாகவே தச்சு வேலை செய்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் பிரயாசையும் இல்லை. ‘டீடெயில்ஸ்’ என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. எழுதிவிட்டால் போதும், முக்கோணம் தானே வரும். 2020-க்குள் பெரிய பிரௌசர்கள் எல்லாவற்றுக்கும் அது தெரிந்துவிட்டது.

மடக்குவது என்பது எங்கள் தொழிலிலும் உண்டு. நான் தொடர்கதை எழுதிய நாட்களில், வாரா வாரம் அத்தியாயத்தின் தலையில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று எட்டு வரி போடுவார்கள். அதை நான் எழுதுவதில்லை. காரியாலயத்தில் யாரோ எழுதுவார்கள். முப்பது வாரம் நான் வியர்வை சிந்தி வளர்த்த ஒரு கிழவியை அந்த எட்டு வரியில் தேடிப் பார்ப்பேன். இருக்க மாட்டாள். கதாநாயகன் இருப்பான், கதாநாயகி இருப்பாள், வில்லன் கட்டாயம் இருப்பான். புதிதாகப் படிக்க வரும் வாசகருக்கு அந்தக் கிழவி பிறக்கவே இல்லை. சுருக்கம் எழுதினவர்மீது எனக்குக் கோபம் இல்லை. எட்டு வரிக்குள் யாராவது உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் ‘உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா ஒரு நீளமான கணக்கு நோட்டில் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி ஆண்களின் கிளை மட்டும் வளரும். பெண்ணுக்கு ஒரு பெயர், கொடுத்த ஊர் எது என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. அப்புறம் அவள் வேறு மரத்துக் கிளை. என் அத்தைக்கு அந்த ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 1965-ல் அவள் வேறு ஜாதியில் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனாள். தாத்தா மைக்கூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ரூல்தடி வைத்து, அந்தப் பெயரின்மீது கோடு போட்டார். அவருடைய கோடுகள் எப்போதும் நேராக இருக்கும். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் என் பெரியப்பா. அப்போது அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் நின்றார். அதற்கப்புறமும் அறுபது வருஷத்துக்கு அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பெரியப்பா மன்னார்குடியில் இருக்கிறார். சர்க்கார் ஆபீஸில் ரிக்கார்டு ரூம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கண் அழுத்த நோயில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது பத்து வருஷமாக வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இருந்தாலும் கம்ப்யூட்டரை விடவில்லை. ‘என்.வி.டி.ஏ.’ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்கிற இளைஞர் ஆரம்பித்தது. அவருக்கும், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டே என்பவருக்கும் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும், காசு கிடையாது, தமிழும் பேசும். தமிழ் என்றால் வானொலித் தமிழ் என்று எண்ண வேண்டாம். ஜலதோஷம் பிடித்த தகர டப்பா பேசுவதுபோல் இருக்கும். பெரியப்பா அதை நாம் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவராகையால் விசைப்பலகைக்குக் கண் தேவைப்படவில்லை.

என் தங்கை மகன் பெங்களூரில் இணையப் பக்கங்கள் எழுதும் உத்தியோகத்தில் இருக்கிறான். சென்ற வருஷம் அவனை அழைத்துப் பெரியப்பா ஒரு வேலை கொடுத்தார்: “நோட்டு செல்லரிச்சுப் போச்சுடா. கம்ப்யூட்டர்ல ஏத்து. பெண்கள் கிளையும் எல்லாம் வரணும். எல்லாம்னா எல்லாம்.” அந்த இரண்டாவது ‘எல்லாம்’ எதற்கு என்று பையனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பையன் கெட்டிக்காரன். ஊர் ஊராய் டெலிபோன் செய்து, கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து, ஏழு தலைமுறை, 318 பெயர்கள் சேர்த்துவிட்டான். அத்தை போன பிறகு அவள் பிள்ளைகள் கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து அவர்களிடமும் பேசினான். அத்தை பெயரும், அவளுக்குக் கீழே ஒன்பது பெயர்களும் மரத்தில் ஏறின.

முதல் நாள் பக்கத்தைத் திறந்தவர்களெல்லாம் திக்குமுக்காடிப் போனார்கள். 318 பேரும் ஒரே சமயத்தில் வாசலில் வந்து நின்றால்? விரலால் தள்ளித் தள்ளி என் கட்டைவிரல் வலித்தது. நூற்றுக்கு மேற்பட்ட முக்கோணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு யார் மூடுவது? அங்கேதான் தூங்குமூஞ்சி மரத்துக்கு வேலை வருகிறது. கையால் மூட முடியாததைப் புரோகிராமைக் கொண்டு மூட வைப்பது.

வேலை என்னவோ இரண்டு வாக்கியம்தான். ‘இந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று குறி போட்ட கணுக்களை எல்லாம் திரட்டு, ஒவ்வொன்றிலும் அந்தக் குறியை எடுத்துவிடு.’ இவ்வளவே. ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருப்பதாகப் பையன் சொன்னான். அடிமரத்துக் கணுவை மாத்திரம் மூடினால் பார்வைக்கு எல்லாமே மறைந்துவிடும். ஆனால் உள்ளே கிளைகள் திறந்தபடியே நிற்கும். மறுபடி யாராவது அடிக்கணுவைத் தொட்டால், கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கூட்டம்போல் 318 பேரும் திபுதிபுவென்று வந்து விழுவார்கள். ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மூடினால்தான் தாத்தாவைத் தொட்டதும் பிள்ளைகள் மட்டும், பிள்ளையைத் தொட்டதும் பேரன்கள் மட்டும் என்று மரியாதையாக வருவார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான். விருந்துக்குப் போன வீட்டில் கூடத்தைப் பெருக்கியிருக்கிறார்களா, குப்பையை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்களா என்பது மாதிரி.

இந்த அளவில் நின்றிருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது. பையனுக்குச் சுத்தம் அதிகம். யாராவது பக்கத்தைத் திறந்து வைத்து, மரத்தை விரித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டால்? மூன்று நிமிஷம் பார்ப்பான். மௌஸும் அசையவில்லை, விசையும் அழுந்தவில்லை, விரலும் படவில்லை என்றால் மரம் தானே மூடிக்கொள்ளும். அசல் தூங்குமூஞ்சி! ஓரிரண்டு நாள் எனக்குக்கூட அதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவிடமிருந்து டெலிபோன். எடுத்த எடுப்பில், “ஏம்ப்பா, அவளைத் திரும்பவும் தூக்கிட்டீங்களா?” என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. யாரை என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். அறுபது வருஷத்தில் அவர் வாயால் அத்தையின் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் ஐம்பதைத் தாண்டியவன்.

“இருக்கான்னுதான் அந்தப் பையன் சொன்னான். கேட்டுக்கிட்டே வந்தேன். அவ பேரு வந்துது. புருஷன் பேரு வந்துது. மூத்த பையன் பேரு பாதி வந்துது. அதோட நின்னு போச்சு. திரும்பத் தேடினா, இல்லேங்குது. யாரு எடுக்கச் சொன்னது? உங்க அப்பனா, நீயா?”

அப்பா காலமாகி எட்டு வருஷமாகிறது. பெரியப்பாவுக்கு அது தெரியாதா? கோபத்தில் வந்த வார்த்தை. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பெங்களூருக்குப் பேசினேன். “யாரையும் எடுக்கலை மாமா. இப்பக்கூடத் தேடிப் பார்த்தேன். பேரைப் போட்டதும் கிளை திறந்து காட்டுது. தாத்தா ஏதோ தப்பா அழுத்தியிருப்பாரு” என்றான் பையன். எனக்கு ஒரு படம் அனுப்பினான். அத்தை இருந்தாள். அவளுக்குக் கீழே ஒன்பது பேரும் இருந்தார்கள். மன்னார்குடிக்குப் பேசிச் சொன்னால், “நான் குருடன்னு படம் காட்டறீங்களா?” என்றுதான் பதில் வந்திருக்கும். அதனால் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவரும் பேசவில்லை.

இருவர் சொன்னதும் நிஜம் என்பதுதான் இதில் வேடிக்கை. அது எப்படி என்று எனக்குப் பிறகு விளங்கியதை, சாஸ்திரம் அதிகம் கலக்காமல் சொல்கிறேன்.

மூடிய கணுவுக்குள் இருப்பவர்கள் அழிந்து போவதில்லை, பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள். திரையில் வரையப்படுவதில்லை, அவ்வளவுதான். குரோம் பிரௌசரில் 2022-ன் ஆரம்பத்திலிருந்து ஒரு சௌகரியம் செய்திருக்கிறார்கள். பிரௌசரின் தேடலில் ஒரு வார்த்தையைப் போட்டால், அது மூடிய ‘டீடெயில்ஸ்’ கணுவுக்குள் இருந்தாலும், தானே அந்தக் கணுவைத் திறந்து காட்டும். பையன் தேடியது அதில். பெரியப்பா அதைத் தொடுவதில்லை. வாசிக்கும் புரோகிராமுக்கென்று தனியாக ஒரு தேடல் இருக்கிறது. பத்து வருஷமாக அவர் கை பழகியது அதில்தான். அதுவோ, வாசிக்கத் தனக்குக் கொடுக்கப்பட்டதில் மாத்திரம் தேடும். மூடிய கணுவில் உள்ளதை பிரௌசர் அதற்குக் கொடுப்பதே இல்லை. கொடுக்கவும் கூடாது, கண்ணுள்ளவருக்கு மூடிக் காட்டிவிட்டு, கண்ணில்லாதவருக்கு மட்டும் 318 பெயரையும் ஓயாமல் வாசித்தால் அதுவும் அநியாயம். ஆகவே பையனுக்கு ‘இதோ இருக்கிறாள்’. பெரியப்பாவுக்கு ‘அப்படி ஒரு பெயர் இல்லை’. ஒரே பக்கம்!

சரி, மூடினது யார்? அந்த மூன்று நிமிஷக் கடிகாரம். பெரியப்பா ‘எல்லாவற்றையும் திற’ என்ற பட்டனை அழுத்திவிட்டு, தொடர்ந்து வாசிக்கும் விசையையும் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். குரல் தாத்தாவின் தாத்தாவிலிருந்து ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு வருகிறது. அவர் எதையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் என்ன? புராணம் கேட்கிறவன் பக்கத்தைப் புரட்டுவானா? ஆனால் பக்கத்தின் கணக்கில், தொடாதவன் எழுந்து போனவன். குரல் எந்த வரியில் நிற்கிறது என்பது வாசிக்கும் புரோகிராமுக்குத் தெரியும், பக்கத்துக்குத் தெரியாது. பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக எழுதியிருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. மூன்றாவது நிமிஷம் வந்தது, அத்தையின் மூத்த பையன் பெயரில் பாதி வந்தபோது. மரம் மூடிக்கொண்டது.

எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசல் மரத்தில் நூற்றுக்கணக்கான மைனாக்கள் அடையும். அந்த மரம் மாலையில் மூடுவது, குருவி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, அதன்மேல் போர்த்துவதுபோல். திரையின் மரத்துக்கு அந்தப் பக்குவம் இல்லை.

நான் பெங்களூருக்கு இதை விளக்கி முடித்தபோது பையன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு, “அந்தப் பாட்டி பேர்ல ஏன் மாமா கோடு?” என்று கேட்டான். நோட்டின் படத்தை அவன்தான் பக்கத்தில் ஏற்றியிருந்தான், கோட்டைப் பார்த்திருக்கிறான், ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்திருக்கிறான். கோட்டுக்கு அடியில் பெயர் படிக்கும்படியாகத்தான் இருந்தது. தாத்தா எவ்வளவு அழுத்திக் கோடு போட்டாலும், போட்டது ஒரே கோடுதான். நான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை காலை மன்னார்குடியில் இறங்கிவிட்டான். நானும் போயிருந்தேன். போனவன் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் பெரியப்பாவை உட்கார வைத்து, “தாத்தா, நீங்க எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க” என்றான். தன் திரையை அணைத்துவிட்டு அவனும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்று நிமிஷம் ஆயிற்று. மரம் மூடியது. “போச்சு” என்றார் பெரியப்பா. “ஆமாம் போச்சு” என்றான் பையன்.

கடிகாரத்தை அன்றைக்கே பிடுங்கி எறிந்தாயிற்று. சீர்திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் ஆக்கலாமா, பத்து நிமிஷம் ஆக்கலாமா என்று அவன் இழுத்தபோது, பெரியப்பா, “எத்தனை நிமிஷம் ஆனாலும் நான் அங்கேதான் இருப்பேன்” என்றார்.

‘எல்லாவற்றையும் மூடு’ என்ற பட்டன் மட்டும் இருக்கிறது. அதைத் தொடுகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். அதிலும் ஒரு ஏற்பாடு செய்தான். இந்தக் காரியத்துக்கு விசைப்பலகையிலும் வழி வைத்திருக்கிறான். கிளைக்குள் எங்கேயோ நின்றபடி விசையைத் தட்டி மூடினால், நின்ற இடம் மறைந்துபோய், பிரௌசர் நம்மைப் பக்கத்தின் தலைமாட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். தூக்கத்தில் ரயில் மாறியவன் கதைதான். இப்போது மூடுவதற்கு முன்னால், நிற்கிறவர் கையைப் பிடித்து, மூடிய பிறகும் தெரிகிற மூதாதையின் வரியில் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் மூடுகிறது. இந்த மரங்களை எப்படி எழுத வேண்டும் என்று இணைய சங்கத்தார் வழிகாட்டி போட்டிருக்கிறார்களாம். வலது அம்புக்குறி விசை கணுவைத் திறக்கும்; இடது விசை மூடும்; மூடிய கணுவில் நின்று இடது விசையைத் தட்டினால் தாய்க் கணுவுக்குப் போகலாம்; நட்சத்திரக் குறியைத் தட்டினால் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திறந்துகொள்வார்கள். ஒட்டு மொத்தமாக மூட அதில் ஒரு விசையும் சொல்லவில்லை. ஏன் என்று பையனைக் கேட்டேன். தெரியாது என்றான். எனக்குக் காரணம் தெரிந்துபோனாற்போல் இருந்தது; சொல்லவில்லை.

இன்னொரு சங்கடமும் அன்றைக்கு வெளிப்பட்டது. யார் யார் எந்தக் கிளையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை அவரவர் கம்ப்யூட்டரிலேயே ஞாபகம் வைத்து, மறுநாள் வரும்போது அப்படியே காட்டும்படி செய்திருந்தான். என் தங்கை தன் மாமியார் கிளையைத் திறந்து வைத்திருப்பாள். மறுநாள் வந்தால் மூடியிருக்கும். ஏன்? கணு திறந்தாலும் மூடினாலும் பிரௌசர் ஒரு மணி அடிக்கும். விரல் மூடினாலும் அதே மணி. புரோகிராம் மூடினாலும் அதே மணி. கேட்கிற புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. கடிகாரம் மூடியதை என் தங்கையே மூடியதாக எழுதிக்கொண்டுவிட்டது. தொட்டாச்சிணுங்கியும் இரவில் தானாகவே மூடிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூடியிருக்கும் செடியைப் பார்த்து, யாரோ தொட்டார்கள், பொழுது போய்விட்டது என்று எதைச் சொல்வது? இப்போது மணியைக் கேட்பதில்லை; விரலோ விசையோ நேராகப் பட்டால்தான் எழுதிக்கொள்கிறது.

இதெல்லாம் பையனின் யோசனை. பெரியப்பாவின் யோசனை ஒன்றே ஒன்று. அதை அவர் இணைய சாஸ்திரத்திலிருந்து எடுக்கவில்லை. ரிக்கார்டு ரூமிலிருந்து எடுத்தார்.

“கட்டு கட்டி அலமாரியிலே போட்டா, மேலே சீட்டு வச்சு உள்ளே எத்தனை தாளுன்னு எழுதணும். இல்லேன்னா நடுவுலேருந்து ஒருத்தன் ஒரு தாளை உருவிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? கட்டு கட்டாவே இருக்கும். நீ மூடு, வேணாங்கலை. மேலே எத்தனை பேருன்னு எழுதிட்டு மூடு.”

ஒவ்வொரு மூடிய கணுவின் பக்கத்திலும் இப்போது எண்ணிக்கை இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் 3. கொள்ளுத் தாத்தா ஒருவருக்குப் பக்கத்தில் 211. அது எழுத்தாகவே இருப்பதால் குரலும் அதை வாசிக்கிறது. கணு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதற்குப் பையன் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ‘டீடெயில்ஸ்’ போட்டதனால் வந்த லாபம். படமும் வர்ணமும் மட்டும் வைத்துத் தானே தச்சு வேலை செய்தவர்களின் மரங்களில் இது இருக்காது. முக்கோணம் திரும்புவதைப் பார்க்கக் கண் வேண்டும் அல்லவா?

சாயங்காலம் புறப்படும்போது பையனுக்கு மனசு கேட்கவில்லை. “தாத்தா, அந்தப் பாட்டி கிளையை மட்டும் எப்பவும் திறந்தே இருக்கிற மாதிரி வச்சிடட்டுமா? எல்லாத்தையும் மூடினாலும் அது மட்டும் மூடாது. ஒரு வரி எழுதினாப் போதும்” என்றான்.

பெரியப்பா வேஷ்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். “அவளுக்கு மட்டும் எதுக்கு தனியா? எல்லாரையும் போல மூடியிருக்கட்டும்” என்றார். பிறகு விசையைத் தட்டினார். தகர டப்பாக் குரல் அத்தையின் பெயரைச் சொல்லி, ஒன்பது என்று சொல்லி, மூடியிருக்கிறது என்றும் சொன்னது. அவர் அடுத்த வரிக்குப் போனார்.

போன மாதம் கோயம்புத்தூரில் குழந்தை பிறந்த சமாசாரம் முதலில் அவருக்குத்தான் வந்தது. பையனைக் கூப்பிட்டு, பத்தாக்கச் சொன்னாராம்.